சடுகுடுவும் சமத்துவமும்

கோவில்பட்டியின் பெயரைக் கேட்டவுடன் ஹாக்கி ஆட்டத்தை நினைப்போர் பலர். அப்புகழ் அந்நகருக்குத் தகுவதே. ஆயினும், அதனைச் சூழ்ந்த கரிசற்காட்டுச் சிற்றூர்களில், கோலும் பந்தும் வாங்க வகையற்ற இளைஞரும் ஆடத்தக்க ஆட்டமொன்று உண்டு. கபடியென இன்று உலகறிந்த சடுகுடுவே அது. அதனை முரட்டு விளையாட்டென்று கற்றோர் சிலர் ஒதுக்குவர். அம்முரட்டுத்தனத்திலேயே நாம் கற்கவேண்டிய பாடம் அடங்கியுள்ளதென்பது எம் கருத்து.

கரிசல், வானம் பார்த்த பூமி. ஐப்பசி கார்த்திகை மழையில் அம்மண் காலைப் பற்றி இழுக்கும் களியாகும். வெயில் ஏறினாலோ பாளம் பாளமாய் வெடிக்கும். ஆதலின், கம்பும் சோளமும் வீடு வந்து சேரும் தைத் திங்களில், ஊர்ப் பொட்டலில் மணல் பரப்பிக் கோடு கிழித்து ஆடுவர். இளவட்டக்கல் தூக்குதல், உறியடி, வழுக்குமரம் முதலியனவும் பொங்கலையொட்டி நிகழ்வனவே. இளவட்டக்கல் ஒருவனுடைய தோள்வலியை அளக்கும். சடுகுடுவோ எழுவருடைய ஒற்றுமையை அளக்கும்.

அதன் விதிகளைச் சற்று நோக்குவோம். ஒரே மூச்சில் பாடிக்கொண்டு ஒருவன் எதிரணிக்குள் தனியே புகுகின்றான். எதிரியைத் தொட்டு, மூச்சு முறியுமுன் நடுக்கோட்டை எட்டினால், தொடப்பட்டவர் வெளியேறுவர்; பிடிபட்டு மூச்சை விட்டால், அவனே வெளியேறுவான். எனினும், தன் அணியார் எதிரியொருவனை வீழ்த்தியவுடன், வெளியேறியவன் மீண்டும் உள்ளே வருவான். தோல்வி அங்கே நிலையானதன்று. பகையும் கோட்டுக்குள் தோன்றிக் கோட்டுக்குள்ளேயே முடிவது. அன்றியும், ஒருவரையொருவர் தொடாமல் இவ்வாட்டத்தை ஆடவியலாது. பிடிப்பவனும் பிடிபடுபவனும் ஒரே மண்ணில் புரளும்பொழுது, அங்கே மேற்குலம் யாது, கீழ்க்குலம் யாது?

ஆனால் களத்தில் மறந்த சாதியை வெளியே நாம் மறந்தோமல்லோம். 2025 மார்ச்சு மாதத்தில், கோவில்பட்டி அடங்கிய தூத்துக்குடி மாவட்டத்திலேயே, ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில், தேர்வெழுதப் பேருந்திற் சென்ற பட்டியலின மாணவன் ஒருவன் அரிவாளால் வெட்டப்பட்டான். அவன் கைவிரல்கள் துண்டாயின. கபடிப் பந்தயமொன்றில் அவன் அணி பெற்ற வெற்றியே பகைக்கு வித்தென்று குடும்பத்தார் கூறினர்.

இவை போன்ற கொடுமைகளைக் கண்டு, முரட்டு ஆட்டங்களே கலகத்துக்குக் காரணம், அவற்றை நிறுத்திவிடுக என்பாரும் உளர். அது பொருந்தாது. ஆட்டத்தின் முரட்டுத்தனம் விதிக்கு அடங்கியது. அரிவாளோ எவ்விதிக்கும் அடங்காதது. குறை வேறோரிடத்தில் உளது. நம் ஊர்களிற் பெரும்பாலும் தெருவே அணியாகின்றது. தெருவோ சாதியால் அமைந்தது. ஆகவே அணி தோற்றால் சாதியே தோற்றதாய் எண்ணி மனம் புழுங்குகின்றனர்.

அணியை வேறு வகையாகவும் அமைக்கலாம் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. அதே மாவட்டத்து மணத்தி என்னும் சிற்றூரினின்று புறப்பட்ட கணேசன் அவர்கள், 1994-ஆம் ஆண்டு ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். அர்ஜுனா விருதும் பெற்றார். அங்கே அவரோடு கைகோத்து நின்றோர் பல மாநிலத்தார், பல மொழியினர். தெருவைக் கேட்டு அவ்வணியைத் திரட்டினாரில்லை.

மாணவ நண்பர்காள்! அடுத்த பொங்கல் விடுமுறைக்கு ஊர் செல்லும்பொழுது ஒன்று செய்யுங்கள். தெருவாரியாக அணி வகுப்பதைத் தவிர்த்து, ஆடவந்தோர் அனைவருடைய பெயரையும் ஒரு குடத்திலிட்டு, சீட்டெடுத்து அணி பிரிக்கச் சொல்லுங்கள். முதலாண்டில் முணுமுணுப்பு எழும். பரிசுப்பணம் தருவோர் சிலர் பின்வாங்கவும் கூடும். பொறுத்திருங்கள். சென்ற ஆண்டு தன் காலைப் பிடித்து இழுத்தவன் இவ்வாண்டு தன் பக்கத்தில் நின்று தனக்காக மூச்சடக்கிப் பாடுவானாயின், அவனை வெறுத்தல் எவர்க்கும் எளிதன்று. கற்றவர் தம் ஊருக்குச் செய்யத்தக்க தொண்டுகளுள் இதற்கு வேண்டுவது ஒரு குடமும் சிறிது துணிவுமே.