திரையும் தொடுபலகையும்

உயர்தர வகுப்பு மாணவரொருவர், தாயாரின் காப்பை அடகுவைத்து வாங்கிய மடிக்கணினியை நம்மிடம் கொண்டுவந்தார். வேகத்திற்குக் குறைவில்லை; ஆயின் திரையைச் சற்றே சரித்ததும் நிறம் திரிந்து எழுத்து வெளிறிற்று. நினைவகத்தைப் பல கணினிகளிற் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். மங்கிய திரையுடனோ ஆண்டுக்கணக்கிற் காலந்தள்ள வேண்டும். கடைக்காரர் இதனை முதலிற் சொல்வதில்லை.

மலிந்த ரி.என். வகைத் திரைகளின் இயல்பே இது. ஒரு கணினியைச் சுற்றி மூன்று பிள்ளைகள் இருந்து படிக்கும் வீட்டிற்கு ஐ.பி.எஸ். திரையே ஏற்றது. பளபளக்குந் திரை கடையில் மனத்தைக் கவரும். நமது விறாந்தை வெளிச்சத்தில் அது முகம் பார்க்கவே உதவும். ஒளி 300 நிட்ஸ் அளவேனும் இருத்தல் நன்று. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையிலும், 1920க்கு 1200 கொண்டதிற் கட்டுரையின் சில வரிகள் கூடுதலாகத் தெரியும். எழுதுவோர் இதனை விரும்புவர்.

தொடுபலகை 1994 இல் அப்பிள் நிறுவனத்தின் பவர்புக் 500 வரிசையில் இடம்பெற்றது. விரல் தீண்டுகையில் நிகழும் மின்மாற்றத்தை உணர்ந்து இயங்குவதால், வியர்த்த விரலுக்கு அம்புக்குறி தாறுமாறாய்த் துள்ளும். நமது வெக்கையில் இது சிறு தொல்லையன்று. பலவற்றிற் கீல் மேற்புறம் இருப்பதால் மேல்விளிம்பு அழுத்தத்திற்கு இணங்காது. ஆதலின், பணங்கொடுக்குமுன் நான்கு மூலைகளையும் அழுத்திப் பாருங்கள். இரு விரலாற் பக்கத்தை நகர்த்துங்கள். வெண்ணிறப் பக்கமொன்றைத் திறந்து, பக்கவாட்டில் நின்று நோக்குங்கள். கடைக்காரர் முகஞ் சுளித்தாற் சுளிக்கட்டும்.