வழக்கில் தோற்றவருக்கு வரலாறு பட்ட கடன்

ஐபிஎல் ஏலத்தின்போது வீரர்கள் ‘வாங்கப்பட்டனர்’, ‘விற்கப்பட்டனர்’ என்று இந்தியச் செய்தித்தாள்கள் தயக்கமின்றி எழுதுகின்றன. ஏலத்திற்குத் தம் பெயரைத் தாமே பதிவுசெய்துகொண்டவர்களைப் பற்றிய சொற்கள் என்பதால் அவை எவரையும் பெரிதாக உறுத்துவதில்லை. அமெரிக்க பேஸ்பாலிலோ அச்சொற்கள் நேர்ப்பொருளிலேயே வழங்கிய காலம் ஒன்றுண்டு. ‘ரிசர்வ் கிளாஸ்’ எனப்பட்ட தக்கவைப்பு விதியின்படி, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் வீரர் அதே அணிக்கு உரியவர். அணி விரும்பினால் அவரை வேறோர் அணிக்கு மாற்றிவிடலாம். அதை ஏற்க மறுப்பவருக்கு எஞ்சியது ஆட்டத்தைத் துறக்கும் உரிமை மட்டுமே.

இவ்விதியை எதிர்த்தவர் கர்ட் ஃபிளட். 1938இல் ஹூஸ்டனில் பிறந்து ஓக்லண்டில் வளர்ந்த இக்கறுப்பின வீரர், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 12 பருவங்கள் ஆடினார். 1963 முதல் 1969 வரை தொடர்ந்து ஏழு முறை ‘தங்கக் கையுறை’ விருது பெற்றார். 1964, 1967 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை வென்ற அணியில் இடம்பெற்றார். 1969 அக்டோபரில் அவ்வணி அவரை ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணிக்கு மாற்றியது. அங்கு அவருக்குக் காத்திருந்தது ஏறத்தாழ 1,00,000 டாலர் ஊதியம். தாம் விருப்பம் கேளாமல் கைமாற்றத்தக்க உடைமை அல்லர் என்று ஆணையர் போவி கியூனுக்குக் கடிதம் எழுதிய ஃபிளட், 1970இல் வழக்குத் தொடுத்தார். அப்போது அவருக்கு வயது 31.

முன்னாள் வீரரான ஜாக்கி ராபின்சன் அவருக்காகச் சாட்சியம் அளித்தார். களத்தில் ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட நீதிமன்றத்திற்கு வரவில்லை.

1972 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் ஃபிளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து கிடைத்திருந்த விலக்கு முரணானது என்பதை நீதிபதி பிளாக்மன் எழுதிய தீர்ப்பே ஒப்புக்கொண்டது. எனினும் 1922, 1953 ஆண்டுகளின் முன்தீர்ப்புகளைக் காட்டி, முரணைக் களையும் பொறுப்பை நாடாளுமன்றத்திடமே விட்டது. பிழையின் முதுமையே அப்பிழைக்குப் பாதுகாப்பாயிற்று.

மூன்றே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1975 டிசம்பரில் இடையீட்டாளர் பீட்டர் செய்ட்ஸ், மெசர்ஸ்மித், மெக்னாலி என்னும் இரு வீரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்க, தக்கவைப்பு விதி செயலிழந்தது. ஆகவே விடுதலை இடையீட்டால் வந்ததேயன்றி ஃபிளட்டின் வழக்கால் அன்று என வாதிடுவோர் உண்டு. சட்ட நுட்பத்தில் அது சரியே. ஆயினும் அவ்விதி கூட்டுப் பேரத்தில் தீர்க்கப்பட வேண்டிய பொருள் என்று நீதிமன்றத்தில் வாதிட்டவர்கள் அணி உரிமையாளர்களே. பின்னர் பேர மேசையில் அவர்களால் அதை எளிதில் மறுக்க இயலவில்லை. தம் ஒப்பந்தத்தை வீரர்கள் ஐயத்துடன் படிக்கத் தொடங்கியதும் அவ்வழக்கிற்குப் பின்னரே.

இப்பயன்களில் எதுவும் ஃபிளட்டை எட்டவில்லை. 1970 பருவம் முழுவதையும் இழந்த அவர், 1971இல் வாஷிங்டன் அணியில் 13 ஆட்டங்களுக்குப் பின் விலகினார். ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் மதுக்கூடம் நடத்தினார். குடிப்பழக்கத்தோடும் பணமுடையோடும் போராடினார். பின்னர் ஓக்லண்டுக்குத் திரும்பி வானொலி வருணனையாளராகவும், சிறுவர் பேஸ்பால் அமைப்பின் பொறுப்பாளராகவும் பணியாற்றினார். 1997 ஜனவரியில் தொண்டைப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 59. வீரர்களின் பணி உரிமை தொடர்பில் அந்த விலக்கை நீக்கிய சட்டம் அவர் பெயரைத் தாங்கி வந்தது 1998இல்.

ஆணையர் கியூனும் வீரர் சங்கத் தலைவர் மார்வின் மில்லரும் இன்று பேஸ்பால் புகழ்க்கூடத்தில் இருக்கின்றனர். ஃபிளட் இல்லை. அவரைத் தியாகி என்று போற்றுவது எளிது. அச்சொல்லோ, அவருக்கு நேர்ந்த இழப்பைத் தவிர்க்க முடியாத விதிபோல் காட்டிவிடுகிறது. அன்று சக வீரர்கள் பத்துப் பேரேனும் அவருடன் நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தால், முழுச் சுமையும் ஒருவர் தோளில் விழுந்திராது.

‘ஃபிளட் எதிர் கியூன்’ சட்ட வகுப்புகளில் முன்தீர்ப்புக் கோட்பாட்டிற்கு எடுத்துக்காட்டாகப் பயிலப்படுகிறது. அதனுடன் வாதியின் அடுத்த 25 ஆண்டுகளும் பயிலப்பட வேண்டும். உரிமைகளின் வரலாற்றை வெற்றிபெற்ற தீர்ப்புகளின் பட்டியலாக மட்டுமே எழுதும் ஆய்வு, அவ்வுரிமைகளுக்கான விலையைச் செலுத்தியவர் யார் என்பதை எழுதாமல் விட்டுவிடுகிறது.