கூடு திறக்கும் முன்னே வரட்டும் தடுப்பூசி

புறக்கடையில் பத்துக் கோழியும் நாலு வாத்தும் வளர்க்கும் வீடுகளைப் பற்றிப் பேச்சு வந்தால், உடனே முட்டைக் கணக்குத்தான் முன்னால் வந்து நிற்கிறது. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும். ஆகவே வனராஜா, கிராமப்பிரியா, நந்தனம் போன்ற இனங்களுக்கு மாறுங்கள் என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டு வரும் யோசனை. யோசனையில் குற்றமில்லை. முட்டை கூடத்தான் செய்யும். ஆனால் அந்த இனங்கள் பெரும்பாலும் அடையில் உட்காராது என்பதையும், அடுத்த ஈட்டுக் குஞ்சுக்குக் காசு கொடுத்தாக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வோர் குறைவு. அது போகட்டும். எந்த இனமானாலும் சரி, மாசி பங்குனியில் வெள்ளைக் கழிச்சல் தெருவுக்குள் புகுந்துவிட்டால் ஒரு வாரத்தில் குடாப்பு மட்டும்தான் மிஞ்சும். புறக்கடைக் கோழி வளர்ப்பில் பெரிய நஷ்டம் இங்கேதான் இருக்கிறது.

இந்த நோய் நமக்குப் புதிதல்ல. 1920-களின் இறுதியில் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேட்டில் கண்டறியப்பட்டதால் ராணிக்கெட் நோய் என்று பெயர் பெற்றது. அதே மலைப்பகுதியில் உள்ள முக்தேசுவரத்தில் 1940-களிலேயே இதற்குத் தடுப்பூசி தயாராகிவிட்டது. அதாவது மருந்து வந்து எண்பது ஆண்டு ஆகிறது. பெரிய பண்ணைகள் அதைக் கொண்டுதான் பிழைக்கின்றன. புறக்கடைக் கோழியோ இன்றும் கொத்துக் கொத்தாய்ச் சாகிறது. மருந்து இல்லாமல் அல்ல, மருந்து வரும் நேரமும் வரும் விதமும் சரியில்லாததால் சாகிறது என்பதே என் கருத்து.

கோழி வளர்க்கும் வீட்டில் விடியற்காலை என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஐந்தரை மணிக்குக் குடாப்புக் கதவைத் திறக்கும் அம்மாள் எல்லாக் கோழியையும் ஒரேயடியாக வெளியே விடுவதில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்து, விரலால் தடவி, அன்றைக்கு முட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார். முட்டைக்கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்க்கிறார். இல்லாவிட்டால் அது வைக்கோல் போரிலோ அடுத்த வீட்டிலோ போய் இட்டுவிடும். மற்றவை குருணையும் தவிடும் கொத்திவிட்டுக் குப்பைமேட்டுக்குப் போகின்றன. குஞ்சுத்தாய்க்குத் தனிக் கவனிப்பு. முந்தின நாள் சாயங்காலம் சாணமும் சருகும் திணித்து ஈரமாக்கிக் கவிழ்த்துவைத்த பானையை எடுத்தால் அதில் கரையான் மொய்த்திருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிடச் சத்தான தீனியைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. பிறகு பருந்துக்கும் காக்கைக்கும் ஒரு கண், கீரிக்கு ஒரு கண். இவ்வளவும் வீட்டு வேலைக்கு நடுவே, யார் கணக்கிலும் வராமல் நடக்கிற உழைப்பு. இதில் வரும் காசும் அப்படித்தான். அது அந்த அம்மாளின் சிறுவாட்டுப் பணம். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் நோட்டுப் புத்தகம் வாங்குவதும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பஸ் ஏறுவதும் அந்தக் காசில்தான்.

இனி, தடுப்பூசி முகாம் எப்போது நடக்கிறது என்று பாருங்கள். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் கோடைக்கு முன்பாகக் கோழிக் கழிச்சலுக்கு இலவச முகாம் நடத்துகிறது. நல்ல காரியம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஊசி போடுகிறவர் வந்து இறங்குவது பத்து, பதினொரு மணிக்கு. அப்போது கோழி வாய்க்கால் கரையில் மேய்ந்துகொண்டிருக்கும். வீட்டுக்காரம்மாள் நடவுக்கோ களையெடுப்புக்கோ போயிருப்பார். திண்ணையில் இருக்கும் தாத்தா கோழியைத் துரத்திப் பிடிப்பாரா? அகப்பட்ட ஒன்றிரண்டுக்கு ஊசி விழுகிறது. விட்டுப்போனவற்றில் நோய் வந்தால், "ஊசி போட்டும் செத்துப்போச்சு" என்று ஊர் சொல்கிறது. அடுத்த ஆண்டு முகாமுக்கு ஒருவரும் கோழியைக் கொண்டுவருவதில்லை.

விடியற்காலையில் ஒவ்வொரு கோழியும் எப்படியும் ஒருமுறை கைக்கு வருகிறது. அந்த நேரத்தில் மருந்து கையில் இருந்தால் வேலை கால் மணி நேரத்தில் முடியும். ஆகவே முகாம் அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கட்டும், அல்லது கோழி அடைந்த பிறகு இரவு ஏழு மணிக்கு நடக்கட்டும். அத்தனை ஊர்களுக்கும் அந்த நேரத்தில் டாக்டரால் வர முடியாது என்பார்கள். வாஸ்தவம். ஆனால் குஞ்சு பொரித்த 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா விடுவதற்கு டாக்டர் எதற்கு? ஊருக்கு ஒரு மகளிர் குழுவிலிருந்து ஒருவருக்குப் பழக்கிக் கொடுத்தால் போதும். எட்டு வாரத்தில் இறக்கை அடியில் தோலுக்குக் கீழே போடும் ஆர்.2.பி. ஊசியையும் பயிற்சி பெற்றவர் போட்டுவிடலாம். கோழிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால் அவருக்கும் ஒரு வருமானம். ஆனால் ஆர்.2.பி.யை எட்டு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுக்குப் போடக்கூடாது, ஊசியே நோயாகிவிடும். முட்டையிடும் கோழிக்குப் போட்டால் சில நாள் முட்டை குறையும். முட்டை பிடிக்கும் முன்னரே போட்டுவிடுவது நல்லது.

குப்பியின் அளவு இன்னொரு தொல்லை. தடுப்பு மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கும் அதற்கு மேலும் என்றே வருகிறது. கரைத்த மருந்தை ஐஸில் வைத்து, வெயில் படாமல், இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். எட்டுக் கோழி வைத்திருப்பவர் மிச்ச மருந்தை என்ன செய்வார்? தெருவே சேர்ந்தால்தான் ஒரு குப்பி கணக்குக்கு வரும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் டி-58 என்ற வகையைக் கொண்டு, தீனியோடு கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. கோழியைப் பிடிக்கவும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். வெப்பத்தையும் ஓரளவு தாங்கும். புறக்கடைக்கென்றே பிறந்த மருந்து இது. ஊருக்கு ஊர் உரக்கடையில் சிறு பொட்டலமாகத் தொங்க வேண்டிய சரக்கு. இலவசக் குஞ்சுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்குத் திருப்பினால், கொடுத்த குஞ்சாவது உயிரோடிருக்கும்.

வெங்காயம், மிளகு, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கோழி சோர்ந்திருக்கும்போது கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்துத் திருகிக்கொண்ட கோழியை அது மீட்காது. இந்த நோய்க்கு வந்தபின் மருந்தில்லை.

வாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாத்தும் கோழியும் ஒன்றாய் வளர்க்கும் வீட்டில், "கழிச்சல் வந்தும் வாத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கெட்டி உடம்பு" என்று பெருமையாகச் சொல்வார்கள். கெட்டி உடம்புதான். ஆனால் நோய்க் கிருமியைத் தான் வாடாமல் உடம்பில் வைத்திருந்து எச்சத்தில் கழிக்கவும் அதற்கு முடியும். கோழி குடிக்கும் தண்ணீரில் வாத்து அலகை விட்டு அளைவதை அனுமதிக்கக்கூடாது. வாத்து இருக்கும் இடம் எப்போதும் சொதசொதவென்று இருக்கும். அந்த ஈரத்தில் கோழிக்குஞ்சுக்கு ரத்தக் கழிச்சல் பிடிக்கும். இரண்டுக்கும் தனித்தனி அடைப்பு, தனித்தனித் தண்ணீர்த் தொட்டி வேண்டும். வாத்து பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்குள் முட்டையிட்டுவிடும் என்பதால், கோழியைத் திறந்துவிட்டு வாத்தைப் பிறகு திறப்பதே லாபம். இல்லையேல் முட்டை குளத்துக்குள் போகும். வாத்துக்கும் பிளேக் என்ற கொள்ளை நோய் உண்டு, அதற்கும் தடுப்பூசி உண்டு. நம் வீடுகளில் அதைக் கேட்டு வாங்கிப் போடுகிறவர்கள் மிகக் குறைவு. வாத்து செத்தால் எல்லாம் தொற்றுநோய் என்றும் எண்ண வேண்டாம். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு வாத்துக்குச் சுத்த விஷம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிகளைக் கொன்றது இந்தப் பூசண நஞ்சுதான். வாத்துக்குஞ்சுகளும் அப்போது மடிந்தன. மாடு தின்னாத பிண்ணாக்கை வாத்துக்குப் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது சந்தை நாளில்தான். இரண்டு கோழி தலை தொங்கியதும், மிச்சத்தைக் கூடையில் போட்டு விடியுமுன் சந்தைக்கு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பாதி விலைக்குத் தள்ளிவிட்டுக் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறார்கள். வாங்கிப் போகிறவள் இன்னொரு ஊரின் ஏழைப் பெண்; அவள் வளர்ப்பதும் சேர்ந்து சாகும். செத்த கோழியை வாய்க்காலில் எறிவதும் இதே வகைதான். கீழ்மடை ஊர்களுக்கு அது நோயை அனுப்பிவைப்பது. ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க எவ்வளவு நேரமாகும்? கோழியும் வாத்தும் ஒரே சமயத்தில் மடமடவென்று மடிந்தால், கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். 2014-ல் கேரளத்தில் ஆலப்புழைப் பகுதி வாத்து மந்தைகளில் பறவைக் காய்ச்சல் கண்டபோது ஏராளமான வாத்துகளை அழிக்க நேர்ந்தது. மறைத்து வைத்தால் சேதம் கூடும்.

துறை நேரத்தை மாற்றும்வரை தெருக்காரர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. தை மாதக் கடைசியில் பத்து வீடு சேர்ந்து, தலைக்கு இவ்வளவு என்று கோழியை எண்ணி, மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்து, குப்பியை ஐஸ் போட்ட பிளாஸ்கில் முந்தின நாள் சாயங்காலமே வாங்கிவந்து, ஐஸ் உருகாமல் இராத்திரி முழுதும் பார்த்துக்கொள்ளலாம். கரைப்பதை மட்டும் விடியற்காலை முதல் வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். நோஞ்சானாக இருக்கும் கோழியை விட்டுவிட்டு நல்ல கோழிக்கு மட்டும் போடுங்கள். புதிதாகச் சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே கட்டிவைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு மந்தையில் விடுங்கள்.