இருதய நோயை அளக்கும் கோல்

ஒருவர்க்கு இன்னும் பத்தாண்டுக்குள் இருதய நோய் வரக்கூடுமா என்பதை மதிப்பிடும் கணக்கொன்று வைத்தியரிடம் உண்டு. வயது, பால், இரத்த அழுத்தம், கொழுப்பு, நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியவற்றை அதிலிட்டால், நூற்றுக்கு இத்தனை பங்கு ஆபத்து என விடை வரும். அவ்விடையை நோக்கியே மருந்து கொடுப்பதும், அஞ்சற்க என்று வீட்டுக்கு அனுப்புவதும் அமைகின்றன. ஆதலின், அக்கணக்கு எவரைக் கண்டு வகுக்கப்பட்டது என வினவுதல் தகும்.

1948-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்துப் பிரேமிங்காம் என்னும் ஊரில் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய ஆராய்ச்சியே இதன் வேராகும். அவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர். அக்கணக்கை அப்படியே கொணர்ந்து, மாதனூர்ச் சுற்றுப்புறத்தில் தோல் பதனிடும் தொழிலாளியையும், ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைக்கு வைகறையில் வண்டியேறும் பெண்ணையும் அளப்பது, ஓரூர் மரக்காலால் வேறோரூர் நெற்கடனைத் தீர்ப்பதை ஒக்கும்.

52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆராய்ச்சி இரண்டு உண்மைகளைக் காட்டிற்று. மாரடைப்பின் முதற்காரணங்கள் எந்நாட்டார்க்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும், பிறர்க்கு 59 வயதையொட்டி வரும் முதல் மாரடைப்பு, தெற்காசியர்க்கு 53 வயதையொட்டியே வந்துவிடுகின்றது. வயதையே பெரிதாகக் கொள்ளும் கணக்கோ, இளையோனை ஆபத்துக் குறைந்தவன் என்று சொல்லி அனுப்பிவிடும். அவன் ஒருவனே குடும்பத்துக்குச் சோறிடுபவனாயின், அப்பிழையின் விலை யாது?

அங்ஙனமாயின், கணக்கில் இனத்தையும் சேர்த்துவிட்டால் போதாதோ என்பர் சிலர். பிரிட்டனின் கியூரிஸ்க் கணக்கு, இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தார் எனப் பிரித்தே கேட்கின்றது. வாழும் இடத்தின் வறுமையையும் கேட்கின்றது. அமெரிக்காவில் 2023-இல் வெளிவந்த பிரிவென்ட் கணக்கோ, இனத்தை அறவே நீக்கிவிட்டது. இவ்விரண்டிற்கும் இடையே நாம் எதனைக் கொள்வது?

நம் வேலூரே இதற்கு விடை கூறுகின்றது. கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியார் 1991–94-இலும், மீண்டும் 2010–12-இலும் வேலூர் நகரத்தையும் அருகிலுள்ள கிராமங்களையும் ஆராய்ந்தனர். நீரிழிவும் உடற்பருமனும் இடைக்காலத்தில் மிகுந்திருந்தன. மக்களின் குலம் மாறவில்லை, வாழ்வு மாறிற்று. ஆகவே, பிறப்பை மட்டும் எழுதிக்கொள்ளும் கணக்கு பாதிக் கணக்கே. உணவு, உழைப்பு, உறக்கம், கூலி ஆகிய இவையும் நோயாளியின் பின்புலமே அன்றோ? நோயை மட்டுமன்றி, நோயுற்றவனது நிலையையும் காலத்தையும் வைத்தியன் எண்ணவேண்டும் என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் அறிவுறுத்தியதும் இதுவே.

செய்யத்தக்கது யாது? உலக சுகாதார நிறுவனம் 2019-இல் உலகை 21 பகுதிகளாக்கி வெளியிட்ட அட்டவணைகளுள், இரத்தப் பரிசோதனை வேண்டாத ஒன்றும் உண்டு. வயது, பால், புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், உயரத்திற்கேற்ற எடை ஆகியனவே அதற்குப் போதும். சிற்றூர்க்கு அது பெருந்துணை. ஆனால் அது 40 வயதிலன்றோ தொடங்குகின்றது! நம் தொழிற்சாலை வாயில்களில் 30 வயதிலேயே இரத்த அழுத்தம் பார்த்தல் வேண்டும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வீடுதோறும் சென்று நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கவனித்து வருகின்றது. அவ்வளவுகளை ஆண்டுதோறும் பேணித் தொடர்ந்து நோக்கினால், நம் மக்களைக் கொண்டே நம் மக்கட்கோர் அளவுகோல் அமையும்.

நண்பர்காள்! நம்முள் வைத்தியராவோர் சிலர், கணக்கராவோர் சிலர், என்போல் தமிழ் கற்போர் சிலர். இவ்வேலை மூவர்க்கும் உரியது. அளப்பவர் ஒருவர், கணிப்பவர் ஒருவர், கண்டதைத் தொழிலாளிக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைப்பவர் ஒருவர். இம்மூவரும் கூடினாலன்றி இக்கோல் பயன்படாது.