சிஇஓ விலகினால் டெபாசிட்தாரருக்கு யார் சொல்வது?

2023 செப்டம்பர் 28. தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் நிர்வாக இயக்குநரும் சிஇஓவுமான எஸ்.கிருஷ்ணன் ராஜினாமா செய்தார். பதவிக்காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு பாக்கி. கடிதத்தில் இருந்த காரணம்: ‘சொந்தக் காரணங்கள்’.

சென்னை டாக்ஸி டிரைவர் ஒருவரின் கணக்கில் 9,000 கோடி ரூபாய் தவறுதலாக வரவான செய்தி அப்போதுதான் வைரலாகியிருந்தது. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் பல ஊடகங்கள் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தே எழுதின. காரணம் சொல்லாத இடத்தை ஊர் தானாகவே நிரப்பிக்கொள்ளும்.

விதி என்ன கேட்கிறது?

பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் உயர் அதிகாரி விலகினால், அவர் தந்த காரணங்களோடு ராஜினாமா கடிதத்தையும் பங்குச்சந்தைக்குத் தர வேண்டும் என்கிறது செபி. ‘அவர் தந்த’ காரணம்தான். அதற்கு மேல் போர்டு விளக்க வேண்டியதில்லை. முதலீட்டாளருக்கு இது போதலாம். பாளையங்கோட்டையில் கடை வைத்திருப்பவரின் கேள்வி வேறு: “நம்ம டெபாசிட்டுக்கு ஒண்ணும் ஆவாதுல்லா அண்ணாச்சி?”

அவருக்குத் தேவையான வரி வங்கியின் அறிவிப்பிலேயே இருந்தது. ரிசர்வ் வங்கியின் பதில் வரும்வரை கிருஷ்ணனே பொறுப்பில் நீடிப்பார் என்பதுதான் அது. ஆனால், பங்குச்சந்தைக்குப் போகும் ஆங்கில அறிவிப்பை டெபாசிட்தாரர் எத்தனை பேர் தேடிப் படிப்பார்கள்?

ராஜினாமாவுக்கே இப்படி என்றால், பதவிநீக்கம் இன்னும் சிக்கல். 2016 அக்டோபர் 24-ல் சைரஸ் மிஸ்திரியை நீக்கிய டாடா சன்ஸ், அறிக்கையில் காரணம் சொல்லவில்லை. இரண்டே நாளில் மிஸ்திரியின் கடிதம் வெளியே கசிந்தது. வழக்கு 2021 வரை இழுத்தது.

அதற்காக அதிகமாக நம்பிக்கை கொடுப்பதும் ஆபத்துதான். 2020 செப்டம்பரில் லட்சுமி விலாஸ் வங்கியின் சிஇஓ உட்பட ஏழு இயக்குநர்களைப் பங்குதாரர்கள் வாக்களித்து வெளியேற்றினார்கள். மூன்று இயக்குநர்கள் கொண்ட குழு பொறுப்பேற்றது. டெபாசிட்கள் பத்திரம் என்றது வங்கி. யார் பொறுப்பு என்று உடனே சொன்னது சரி. ஆனால் நவம்பர் 17-ல், 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற தடை வந்துவிட்டது.

அப்போ போர்டு என்ன செய்யலாம்? உள்பேர வர்த்தக விதிகள் இருப்பதால் கிளை ஊழியர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க முடியாது. ஆனால் பங்குச்சந்தைக்கு அறிவிப்பு போன அடுத்த நிமிடமே, இன்று முதல் யார் பொறுப்பு, வாடிக்கையாளருக்கு எது மாறவில்லை என்ற இரண்டு வரிகளைத் தமிழில் கவுன்டர்வரை அனுப்பலாமே. டீக்கடைக்குச் செய்தி போய்ச் சேர அதைவிட ரொம்ப நேரம் ஆகாது.