பில்லில் ஏறாத தண்ணீர்

திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் போடுகிறவர் அந்தத் துணிக்குச் சொந்தக்காரர் அல்ல. வெளியூர்க்காரர்கள் பலருக்கு இது தெரியாது. நூல் வாங்குவது ஏற்றுமதியாளர். அது நிட்டிங் போய்த் துணியாகி சாயப்பட்டறைக்கு வருகிறது. பட்டறைக்காரர் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு, கேட்ட ஷேடில் கலர் ஏற்றித் திருப்பி அனுப்புகிறார். அப்புறம் காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பெட்டி, துறைமுகம். ஊரே இப்படி ஜாப் ஒர்க்காகப் பிரிந்து கிடப்பதால்தான் பெரிய முதல் இல்லாதவர்கள்கூட அங்கே தொழில் தொடங்க முடிந்தது. தொழிலாளியாக வந்து முதலாளியானவர்கள் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அந்தப் பெருமையை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதே ஏற்பாட்டில்தான் துணி ஏற்றுமதியாளரிடம் திரும்பிப் போயிற்று, சாயத்தண்ணீர் பட்டறைக்காரரிடம் தங்கிவிட்டது. சட்டையில் யார் பெயர் அச்சிட்டிருக்கிறதோ அவருக்கும் அந்தத் தண்ணீருக்கும் காகிதத்தில் எந்த உறவும் இல்லாமல் போயிற்று.

தொழில் தர்மம் பற்றி இன்று நிறுவனங்கள் நிறையப் பேசுகின்றன. அதில் எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது சட்டம். சரி, மாசுபடுத்தியவர் யார்?

முதலில் அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். எல்லோரும் கலரைத்தான் பார்ப்பார்கள். நொய்யலில் ஒருநாள் சிவப்பாகவும் மறுநாள் கறுப்பாகவும் தண்ணீர் போன காலத்தில் பத்திரிகைப் படங்களும் அப்படித்தான் வந்தன. நிலத்தைக் கெடுத்தது கலரைவிட உப்பு. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் தானாகப் போய் நூலில் ஒட்டாது. அதை நூலை நோக்கித் தள்ளுவதற்கு உப்பு வேண்டும். அடர்ந்த நீலமோ கறுப்போ என்றால் ஒரு கிலோ துணிக்கு அரை கிலோவை ஒட்டி உப்பு போகும். அந்த உப்பில் துணியோடு போவது ஒன்றுமில்லை. வேலை முடிந்ததும் அவ்வளவும் தண்ணீரோடு வெளியே வரும். கலரைப் பழைய முறையிலேயே ஓரளவு நீக்கிவிடலாம். சுண்ணாம்பு போட்டு, படியவைத்து, தெளிந்த தண்ணீர் என்று ஆற்றில் விட்டால் கண்ணுக்கு நன்றாகத்தான் தெரியும். கரைந்திருக்கும் உப்பு அப்படியே போகும்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை வழியாக, திருப்பூரைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற நொய்யலுக்கு ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். 1990-களின் தொடக்கத்தில் அது பயன்பாட்டுக்கு வந்தபோது பாசனத்துக்காகக் காத்திருந்த நிலம் நிறைய. சில வருடங்களிலேயே அணையில் தேங்கியது பாசனத் தண்ணீராக இல்லாமல் சாயக் கழிவாக ஆகிவிட்டது. அணைத் தண்ணீருக்காகக் காத்திருந்த விவசாயிகளே, தயவுசெய்து இந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. தேங்கிய தண்ணீர் நிலத்துக்குள் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தது. இளநீர் உப்புக் கரிக்கிறது என்று அந்தப் பக்கத்து விவசாயிகள் சொன்னது அந்த நாட்களில் ஊரறிந்த பேச்சு. அதே காலத்தில் ஏற்றுமதி ஏறிக்கொண்டே போனது. இன்று அது ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டி நிற்கிறது.

நட்டஈடு என்று ஒன்று வந்தது. வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, தமிழகத்தில் சுற்றுச்சூழல் இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. நொய்யல் விவசாயிகள் 28,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் என்று 2004-ல் அது தீர்மானித்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. கெட்டுப்போன கிணற்றைத் தூர்வாரக்கூட அந்தப் பணம் போதாது.

வெளிநாட்டு வாங்குநர்களின் நன்னடத்தை விதிகள் கம்பெனிச் சுவர்களில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்த காலம்தான் அதுவும். குழந்தைத் தொழிலாளர் இல்லை, கட்டாய வேலை இல்லை, சுற்றுச்சூழலைக் காப்போம் என்று எல்லாம் அதில் இருந்தன. அந்தச் சுவரிலிருந்து ஆற்றுக்கு எந்த உதவியும் வரவில்லை. உதவி கிழக்கே கடைமடையிலிருந்து வந்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் கட்டி, உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் நீதிமன்றம், வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் அபராதம் விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் மாசை நிறுத்தச் சொல்லிப் பட்டறைகளுக்குக் கெடு வைத்தது. கெடு தாண்டியது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகள் எல்லாவற்றையும் மூடி, மின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றுபோயின. தையலும் செக்கிங்கும் அதோடு தள்ளாடின. வேலை தேடி வந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். அந்த வலி பெரிது. ஆனாலும் விவசாயிகள் கேட்டது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. பதினைந்து வருடம் கெஞ்சியவர்கள் அவர்கள்.

அதற்குப் பிறகு திருப்பூர் செய்தது சாதாரண வேலை இல்லை. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற ஜீரோ டிஸ்சார்ஜுக்கு ஊர் மாறியது. பட்டறைகளிலிருந்து குழாய் வழியாக வரும் கழிவைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்த்து, நுண்ணுயிரிகளால் சுத்தம் செய்து, நிறம் நீக்கி, ஆர்.ஓ. சவ்வுகளில் அழுத்தித் தள்ளுகிறார்கள். பெரும்பகுதி நல்ல தண்ணீராக அதே பட்டறைகளுக்குத் திரும்புகிறது. மிஞ்சும் உப்புக் கரைசலில் ஒரு பங்கை மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள், மீதியை எவாப்பரேட்டரில் நீராவி கொடுத்துக் காய்ச்சி உப்பாக எடுக்கிறார்கள். மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்து உதவியது. இத்தனை பட்டறைகள் ஒரே ஊரில் ஒன்றுசேர்ந்து இதைச் செய்து காட்டியதற்கு உலகத்திலேயே உதாரணங்கள் குறைவு.

செலவோ கடுமை. மின்சாரம், விறகு, ரசாயனம், சவ்வு மாற்றுவது, கடனுக்குத் தவணை என்று கழிவு லிட்டர் லிட்டராகக் காசு கேட்கிறது. காய்ச்சுவதற்குப் பாய்லர் எரியும்போது புகை போகிறது. கடைசியில் யாருக்கும் வேண்டாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதற்கு முழுத் தீர்வு வரவில்லை.

இந்தச் செலவை யார் சுமக்கிறார்கள்? சாயப்பட்டறை நடத்தும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார்: "சர்ட்டிபிகேட் இல்லாட்டி ஆர்டர் இல்லீங்கறாங்க. சரின்னு வாங்கி வெச்சா, அதுக்குத் தகுந்த ரேட்டு குடுங்கன்னு கேக்க முடியலீங். கேட்டா, பங்களாதேஷ்ல இன்ன வெலைக்குத் தாராங்கன்னு ஒரு மெயிலக் காட்டறாங்க. நாம தண்ணிய சுத்தம் பண்றதுக்கும் பண்ணாததுக்கும் ஒரே கூலிங்."

வாங்குநர் ஏற்றுமதியாளரை நெருக்க, ஏற்றுமதியாளர் பட்டறைக்காரரைக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்கிறார். அவர் யாரைக் குறைப்பார்? கூலியாட்களை நெருக்குவார், அல்லது ராத்திரியில் குழாயை மாற்றிவிடச் சபலப்படுவார். அனுமதி இல்லாத பட்டறைகள் ஊருக்கு வெளியே முளைப்பதும் இதனால்தான். திருப்பூரில் பிடி இறுகியதும் துணி ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் போனது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் காவிரியில் சாயத்தண்ணீர் கலப்பதும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதியற்ற பட்டறைகளை இடித்துத் தள்ளுவதும், சில மாதம் கழித்து மறுபடி இடிப்பதும் செய்தியாக வந்துகொண்டே இருக்கின்றன. இடிப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் சுத்தமாகச் செய்பவனுக்கும் அழுக்காகச் செய்பவனுக்கும் ஒரே கூலி கொடுக்கும் சந்தை இருக்கும்வரை ஜேசிபி ஓயாது.

வாங்குநர் கையெழுத்துப் போட்டுத் தன்னைக் கட்டிக்கொண்டால் நிலைமை மாறும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம்பெண் 2021-ல் கொல்லப்பட்டார். அதையடுத்து, பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியது. 2022-ல் உருவான திண்டுக்கல் ஒப்பந்தத்தில் அந்தத் தொழிற்சாலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் மட்டுமின்றி, எச்&எம், கேப், பிவிஎச் ஆகிய வாங்குநர்களும் தொழிற்சங்கங்களோடு கையெழுத்துப் போட்டார்கள். மீறினால் கேள்வி கேட்கலாம் என்ற நிலையை அது தொழிலாளிக்குத் தந்தது. 2013-ல் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்ட பிறகு வந்த கட்டடப் பாதுகாப்பு உடன்பாடும் இதே வகை. தொழிற்சாலையைச் சீர்படுத்த ஆகும் செலவுக்கு வழிசெய்யும் பொறுப்பை வாங்குநர்கள் அதில் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டுமே சாவுக்குப் பிறகு வந்தவை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

சட்டமே வாங்குநரைக் கட்டிவிடும் என்று காத்திருக்க முடியாது. நிறுவனங்கள் தங்கள் சப்ளைச் சங்கிலி முழுவதற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற சட்ட நெறியை ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் நிறைவேற்றியது. அடுத்த ஆண்டே தேதியைத் தள்ளிப்போட்டது, வரம்பைச் சுருக்கவும் இறங்கியது.

அதனால் தண்ணீருக்கும் திண்டுக்கல்லில் போட்டது போன்ற ஓர் ஒப்பந்தம் வேண்டும் என்பது என் கருத்து. ஆர்டர் காகிதத்தில் துணி விலை, தையல், பெட்டி, சரக்குக் கட்டணம் என்று வரிவரியாகக் கணக்கு எழுதுகிறார்கள். அதில் கழிவுச் சுத்திகரிப்புக்கு என்று தனியாக ஒரு வரி எழுதலாம். அந்தத் தொகையில் பேரம் கிடையாது என்று இருக்க வேண்டும். அது ஏற்றுமதியாளர் கைக்குப் போகாமல் நேராகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கணக்கில் சேர வேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் எவ்வளவு கழிவு வந்தது, எவ்வளவு தண்ணீர் திரும்பிப் போனது என்ற அளவு மீட்டரில் இருக்கிறது. அதை மாதாமாதம் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கத்தின் கையில் கொடுக்கலாம். வாங்குநரின் ஆடிட்டரை விட அவர்கள் கவனமாகப் பார்ப்பார்கள்.

பணம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். இந்தியா-பிரிட்டன் வர்த்தக உடன்பாடு 2025 ஜூலையில் கையெழுத்தானது. நம் ஆடைகளுக்கு அங்கே இதுவரை இருந்த பத்து சதவீதத்தை ஒட்டிய இறக்குமதித் தீர்வை அதன்படி நீங்குகிறது. மிச்சமாகும் அந்தப் பத்தில் வாங்குநர் எவ்வளவு எடுப்பார், ஏற்றுமதியாளர் எவ்வளவு எடுப்பார் என்ற பேரம் வரத்தான் போகிறது. அந்த மேசையில் ஒரு சதவீதத்தைத் தண்ணீர்க் கணக்குக்கு ஒதுக்கச் சொல்லித் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் சாயப்பட்டறை உரிமையாளர்கள் சங்கமும் சேர்ந்து கேட்கட்டும்.