தூண்டில் பயணத்தின் எழுதப்படாத செலவு

ஆடி, ஆவணி விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வரும் நம்மவர்களிடையே ஒரு புதிய ஆசை துளிர்த்திருக்கிறது. வாகனமொன்றை வாடகைக்கு அமர்த்தி, மாத்தளையில் தொடங்கி யாழ்ப்பாணம் வரை குளம் குளமாகத் தூண்டில் போட்டபடி செல்லவேண்டுமாம். "எவ்வளவு முடியும்?" என்பதே அவர்கள் கேட்கும் முதற் கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் அதற்கான விடையில் ஒரு பகுதியை எவரும் எழுதிக்கொள்வதில்லை.

எழுதக்கூடியதை முதலில் எழுதுவோம். ஏ9 வீதி கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர். 2006 ஆகஸ்டில் மூடப்பட்டு, போர் முடிந்த பின்னரே மீண்டும் பொதுமக்களுக்கு முழுமையாகக் கிடைத்த வீதி இது. மாத்தளையிலிருந்து போய்வரவும், குளங்களை நாடிக் கிளைவீதிகளில் இறங்கி ஏறவும் 720 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் வாகனத்துக்கு 60 லீற்றர் பெற்றோல் வேண்டும். 2022 தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்தபோது இதற்கு 10,620 ரூபா போதுமாயிருந்தது. அதே ஆண்டு ஜூன் இறுதியில் விலை 470 ரூபாவானபோது அதே பயணத்துக்கு 28,200 ரூபா! ஆகவே எரிபொருளுக்கும் திருத்த வேலைக்கும் ஒதுக்கும் தொகையில் காற்பங்கையாவது மேலதிகமாக வைத்துக்கொள்வது விவேகம். தங்குமிடம், உணவு, தூண்டிற் கருவிகள், இரை, ஐஸ் பெட்டி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதுங்கள். ஐப்பசி முதல் தை வரையான மழைக்காலத்தைத் தவிருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையகத்தை மண்சரிவுகளால் உலுக்கியதை மறந்துவிட முடியாது.

இனி, எழுதப்படாத செலவுக்கு வருகிறேன்.

கண்டலம, போவத்தன்ன, 2018 இல் திறந்துவைக்கப்பட்ட மொரகஹகந்த ஆகியவற்றின் நீர்ப்பரப்பு வெறும் இயற்கைக் காட்சி அன்று. அது ஒரு தொழிற்களம். தமிழகத்தில் ஜிலேபி என்றழைக்கப்படும் திலாப்பியா 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் பின்னரே நம் குளங்களில் நன்னீர் மீன்பிடி பெரும் வாழ்வாதாரமாக வளர்ந்தது. 1990 இல் அரசு இத்துறைக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. மீன்குஞ்சு வளர்ப்பு நின்றது, தொழிலாளர் தவித்தனர். 1994 இல் ஆதரவு மீண்டும் கிடைத்தது. 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே 'நக்டா' எனப்படும் நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை உருவாயிற்று. தம்புள்ளையில் அதன் மீன்குஞ்சு உற்பத்தி நிலையம் இயங்குகிறது. ஆக, குளத்து மீன் தானாக விளைந்த காட்டுக்கனி அன்று. யாரோ விலைகொடுத்து வாங்கி விட்ட குஞ்சு அது. யாரோ அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்திலே தூண்டில் அனுமதிப்பத்திரம் இன்றி ஆற்றங்கரையில் நிற்கத் துணியாதவர், ஒன்ராறியோவில் எத்தனை மீன் பிடிக்கலாம் என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டுபவர், இங்கே வந்ததும் "நம்ம ஊர்க் குளம்தானே!" என்று கரையில் இறங்கிவிடுவது ஏன்? சொந்த ஊர் என்ற உரிமை, கரையில் வாழ்பவனின் உழைப்பை இலவசமாக்கிவிடாது.

இன்னொன்றும் உண்டு. குளத்தை விட்டு ஆற்றுக்குப் போனால் கணக்கு மாறிவிடும். நக்கிள்ஸ் மலையடிவாரத்தில் லக்கல, பல்லேகம பகுதியில் ஓடும் களு கங்கை – களுத்துறை ஆறு அன்று, இது வேறு – உலகில் வேறெங்கும் இல்லாத மீன்களின் வீடு. 1985 இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான ஒரு சிறு கெண்டையினம் இங்கேதான் வாழ்கிறது. இப்போது அந்த ஆற்றிலும் அணை எழுந்துவிட்டது. எஞ்சியிருக்கும் ஓடைகளில் தூண்டிலுக்கு வேலை இல்லை. வஸ்கமுவ போன்ற தேசியப் பூங்காக்களின் எல்லைக்குள்ளும் அப்படியே.

எனவே என் யோசனை எளிது. மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைக் 'கரைக்கு' என்று எழுதி ஒதுக்குங்கள். குளத்தை அடைந்ததும் முதலில் அங்குள்ள மீனவர் சங்கத்தாரைத் தேடி அனுமதி கேளுங்கள். வள்ளத்தையும் வள்ளக்காரரையும் கூலிக்கு அமர்த்துங்கள். எங்கே வலை விரித்திருக்கிறது, எங்கே யானை இறங்கும், எந்த மீனைத் திருப்பி விடவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மாலைச் சமையலுக்கான மீனை அவரிடமே விலைக்கு வாங்குங்கள்.

முன்னர் நான் குறிப்பிட்ட 28,200 ரூபாவும் எரிந்து புகையாகும் பணம். கரைக்கென்று ஒதுக்கும் தொகையோ அடுத்த பருவத்தில் மீன்குஞ்சாகக் குளத்துக்குத் திரும்பக்கூடிய பணம். இரண்டில் எதைக் குறைப்பது என்ற நிலை வந்தால், ஒரு குளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கரையின் பங்கைக் குறைக்காதீர்கள்.